காலியாகப் போன கார்

சட்டசபைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு அனுபவம் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்லுகிறேன். ஆனால் மசோதா எப்படிக் கொண்டுவருவது, கேள்வி எப்படிப் போடுவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு ஆபீசில் ஆள் இருக்கிறார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான். பயந்துகொண்டே முடிவெடுப்பது எப்படி என்று வேண்டுமானால் பேசலாம்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிப் பகுதியில் மதராஸில் நம்மவர்கள் மந்திரிசபை அமைத்தபோது நான் சுகாதார மந்திரிக்கு உதவி மந்திரி. அந்தப் பதவிக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, ‘குட்டி மந்திரி’ என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குட்டி மந்திரிக்கு ஒரு பியூனைக்கூட மாற்ற அதிகாரம் கிடையாது. எந்தக் காகிதத்திலும் அவன் கையெழுத்து செல்லாது. மந்திரி போக விரும்பாத ஊருக்குப் போக வேண்டும், மந்திரி கேட்க விரும்பாததைக் கேட்க வேண்டும், ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் உத்தியோகம்.

அதற்கு முன்னால் ஜில்லா போர்டில் இருந்தபோது எனக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். பேர் வேண்டாம். எத்தனையோ எலெக்‌ஷனில் நின்று ஒன்றிலும் தோற்காதவர். என்னை முதல் முதலாகச் சுற்றுப்பயணம் அனுப்பியபோது கூப்பிட்டு ஒரு தொழில் ரகசியம் சொன்னார்.

“ஊருக்குள்ள நொழைஞ்ச ஒடனே டிரைவர்ட்ட சொல்லி காரைத் திருப்பி நிறுத்திரு. மூஞ்சி ரோட்டைப் பாத்து நிக்கணும். பேசி முடிச்சமா, ஏறுனமா, போனமான்னு இருக்கணும். நின்னு திருப்பிக்கிட்டு இருந்தன்னு வையி, அந்த நேரத்துலதான்யா எல்லா வம்பும் வந்து கதவைப் பிடிக்கும்.”

அருமையான யோசனை என்று நினைத்தேன். வருஷக்கணக்கில் அப்படியே செய்தேன். என் டிரைவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஊர் எல்லை தாண்டியதும் அவர்களாகவே வட்டம் அடித்து நிறுத்திவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் அந்தச் சித்திரை மாதம் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போனேன்.

ஊர்ப் பேரும் வேண்டாம். சுருளிப்பட்டிக்குக் கீழே, ஆற்றை ஒட்டி ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அங்கே பெண் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் எதையாவது சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுக்க வேண்டாம்.

மதுரையில் வாடகைக்குப் பிடித்த காரில் கம்பம் வந்து இறங்கியிருந்தேன். தேனிப் பக்கம் ஆற்றங்கரையில் அம்மன் திருவிழா தொடங்க இருந்தது. அதற்கான சுகாதார ஏற்பாட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தத் திருவிழாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனுக்கு முன்னால் மூன்று கிளை உள்ள ஒரு மரத்தை நட்டிருப்பார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆற்றில் குளித்து, அதே ஆற்றில் தண்ணீர் மொண்டு, அந்த மரத்தில் ஊற்றி, வழிகிற தண்ணீரைக் கையில் பிடித்துக் குடிப்பார்கள். நானும் குடித்திருக்கிறேன்.

கம்பத்தில் ஹெல்த் ஆபீசர் எனக்காகக் காத்திருந்தார். சின்ன வயசு டாக்டர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், பள்ளத்தாக்குக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. மனிதருக்குக் கண் சிவந்திருந்தது.

“காலரா சார். ரெண்டு நாள்ல நாலு சாவு” என்று ஊர்ப் பேரைச் சொன்னார். அது என் தங்கச்சி ஊர். “நாளைக்கு விடிஞ்சா ஊரே வண்டி கட்டி திருவிழாவுக்குப் போகப் போகுது. கலெக்டர்கிட்ட ஆர்டர் வாங்கிட்டேன். விடியறதுக்குள்ள போலீஸ் வந்து ஊரை வளைச்சிடும்.”

“போலீஸ் வேண்டாம்” என்றேன்.

“வேற வழி இல்ல சார். எட்டு நாள் ஒரு ஆள் வெளியே போகக் கூடாது. போனா அந்தக் கூட்டம் என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.”

நினைக்காமல் என்ன? ஆனால் போலீஸ் வளைப்பது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் தாலுகா போர்டில் மெம்பராக இருந்த காலத்தில் கோம்பைப் பக்கம் ஓர் ஊரில் இதே வியாதி. அன்றைக்கும் போலீஸ் வளைத்தது. சிவப்புத் தலைப்பாகையைக் கண்டதும் ஊர் அரண்டுவிட்டது. சோளக்காட்டுக்குள் குனிந்து போனவர்கள், மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறியவர்கள், பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள். ஒரு ஊரில் இருந்த வியாதி ஏழெட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் போலீஸ்காரர்கள் காவல் காத்தது வெறும் சுவரையும் நாயையும்தான்.

“நான் போய்ப் பார்க்கிறேன். அதுவரைக்கும் போலீசை நிறுத்தி வையுங்கள்” என்றேன். அதைச் சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டருக்கு அது தெரியும். ஆனாலும் தலையாட்டி, தானும் காரில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் போனபோது உச்சிவெயில். தெருவில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். பித்தளைச் செம்புகளைப் புளி போட்டுத் தேய்த்து வாசலில் கவிழ்த்திருந்தார்கள். இன்னொரு பக்கம் நாலு வீட்டில் ஒப்பாரி. சாவும் திருவிழாவும் ஒரே தெருவில் எதிர் எதிர் வீட்டில் இருந்தன. கிணற்றில் டாக்டர் மருந்து போட்டுத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. அதை ஒரு ஆள் தொடவில்லை. எல்லாரும் ஆற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லி வைத்தபடி கார் வட்டம் அடித்து, ரோட்டைப் பார்த்து நின்றது.

என் தங்கச்சி பேச்சி ஓடி வந்தாள். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லாமல் கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில் பிறந்த ஒரே மகள் செல்லி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏழு வயசு இருக்கும். அதன் கையில் ஒரு சின்னச் செம்பு. மாமா வாங்கிக் கொடுத்ததுதான்.

“நாளைக்கு நான் தண்ணி ஊத்தப் போறேன் மாமா” என்றது.

டாக்டர் கம்பத்தில் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாள், ஒரு ஆள் வெளியே போகக் கூடாது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அட, இந்த ஊர் ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு போலீஸ்காரன் இல்லாமல் அதைத்தானே செய்கிறது!

உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டி, பூசாரி கையில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டிவிட்டால், திருவிழா முடியும் வரை ஊர்க்காரன் எவனும் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. வெளியூர்க்காரன் உள்ளே இருந்தால் பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். இல்லையென்றால் இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் திருடனும் அதை மீற மாட்டான். பெற்ற தாய்க்கு ஆபத்து என்று ஆள் வந்தால்கூட பகலில் ஓடிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இந்த ஊரில் காப்பு எட்டு நாள். அதை ஒரு மாதம் முன்னால் தள்ளிக் கட்டச் சொன்னால்? கூடவே, பகலிலும் எல்லை தாண்டக் கூடாது என்று கேட்டால்?

பூசாரி வீரணனிடம் போனேன். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். அவருடைய மகன் முத்து, மீசை அரும்பிய பையன், அப்பாவின் வண்டி அச்சுக்கு மையிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதை வீரணன் முழுக்கக் கேட்டார்.

“ஏன்யா, அம்மா கேக்காளா, சர்க்கார் கேக்குதா?”

“ரெண்டு பேரும் கேக்கலை. நான் கேக்கேன்.”

“எனக்கு அருள் வந்து அம்மாவே சொன்னதா ஊர்ல சொல்லச் சொல்லுவீகளோன்னு நெனைச்சேன்.”

உண்மையைச் சொல்கிறேன், வருகிற வழியில் அதையும் யோசித்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“அப்பிடிச் சொல்ல மாட்டேன்யா. நீங்க கேட்டீகன்னுதான் சொல்லுவேன். அதுக்குச் சம்மதம்னா ஊரைக் கூட்டுறேன்” என்றார்.

அங்கேதான் என் பயம் கூடியது. அம்மன் சொன்னாள் என்றால் தப்பானாலும் அம்மன் பாடு. நான் சொன்னேன் என்றால் ஒவ்வொரு சாவும் என் வாசலில் வந்து நிற்கும். ஆனாலும் சம்மதம் என்றேன்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் ஒளிக்கவில்லை. வந்திருப்பது காலரா, போகிற இடத்துக்கெல்லாம் அது கூடவே வரும், திருவிழாக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தால் பள்ளத்தாக்கே தாங்காது என்றேன். ஊரோடு இருந்து, காய்ச்சிய தண்ணீரைக் குடித்து, நோய்த்துணியை ஆற்றில் அலசாமல் இருந்தால், இங்கேயும் அடங்க வழி இருக்கிறது என்றேன். எல்லாரும் பிழைப்பீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது, மேடையில் பேசிப் பழகிய நாக்கு அல்லவா, ஆனால் சொல்லவில்லை.

அப்புறம் புருஷனை முதல் நாள் பறிகொடுத்த ஒருத்தி கூட்டத்தின் பின்னாலிருந்து எழுந்தாள்.

“அப்ப சாகிறவுக இங்கனயே கெடந்து சாகணும், அதுக்குத்தான் காப்புக் கட்டச் சொல்றீக. அப்பிடித்தான?”

“அப்படி இல்லம்மா…”

“எங்களை இங்கன கட்டிப்போட்டுட்டு நீங்க போயிருவீக. அந்தா, ஒங்க கார் மூஞ்சி ரோட்டைப் பாத்துல்ல நிக்கிது!”

ஊரே திரும்பிக் காரைப் பார்த்தது. நானும் பார்த்தேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நிறுத்துகிறேன், ஒரு நாளும் அதை வெளியே இருந்து பார்த்ததில்லை. கறுப்புக் கார், மூக்கை ரோட்டில் வைத்துக்கொண்டு, எப்போது எப்போது என்று நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் இரவு நான் மதுரையில் ரயில் ஏற வேண்டும். சட்டசபையில் எங்கள் கட்சிக்கு ஒவ்வொரு ஓட்டும் தேவைப்பட்ட ஒரு விஷயம் வர இருந்தது, வராதவன் தலை உருளும் என்று சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் அந்த மக்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன? அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டே கிடையாது. அப்போதெல்லாம் வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு.

“நான் போகலை. எனக்கும் சேத்துக் கட்டுங்க” என்றேன்.

வீரணன் என்னைப் பார்த்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்தார். “டாக்டரய்யா இருப்பாகளா?”

தஞ்சாவூரில் டாக்டருக்குப் புதுப்பெண்டாட்டி இருந்தாள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “நான் காப்புக் கட்ட மாட்டேன். எங்க வழக்கம் இல்ல. ஆனா இருப்பேன்” என்றார்.

“அது போதும்யா” என்றார் வீரணன். ஆனால் நூலை எடுக்கவில்லை. “பொழுது சாயக் கட்டுவோம். அதுக்குள்ள ஒங்க கார் கெளம்பட்டும்” என்றார்.

சேரியிலும் கட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. வீரணன்தான் ஆள் அனுப்பி அங்கே இருந்த பூசாரிக்குச் சொல்லச் சொன்னார். வியாதிக்கு யார் தெரு என்று தெரியுமா என்று ஒரு அதட்டல் போட்டதும் முணுமுணுப்பு அடங்கியது.

காரைத் திருப்பி அனுப்ப வேண்டும். டிரைவர் மதுரைக்காரர், பிள்ளைகுட்டிக்காரர், வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அவரிடம் பேசப் போனபோது பேச்சி குறுக்கே வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் கை வலித்தது.

“அண்ணே, கார் சும்மாதான போகுது?”

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன்போல நின்றேன்.

“செல்லிய மட்டும் ஏத்தி விடுண்ணே. கோம்பையில நம்ம வீட்ல எறக்கி விடட்டும். நான் வரலை, அவுக அப்பா வரலை. நாங்க செத்தாலும் இங்கனயே சாகுறோம். பிள்ளை மட்டும் போகட்டும். ஒரு பிள்ளைண்ணே. எனக்கு இன்னொண்ணு பெறக்காது.”

“டாக்டர்…” என்று ஆரம்பித்தேன்.

“டாக்டர்ட்ட என்ன கேக்குறது? நீ மந்திரி இல்லையா?”

தம்பிகளே, தங்கச்சிகளே, என்னிடம் ‘பார்க்கலாம்’ என்ற வார்த்தை ஒன்று இருந்தது, எத்தனையோ பேரிடம் சொன்னது. அதைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் இல்லை. காரில் இடம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் எங்கள் வீடு. எங்கள் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள், நெஞ்சில் போட்டுப் பார்த்துக்கொள்வாள். ஒரு ஏழு வயசுப் பிள்ளை போனால் என்ன குடிமுழுகிவிடும்? என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது.

தலையைத் தூக்கினேன். தெருவில் வண்டிகளை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு அம்மா ஒரு பிள்ளையோடு நின்றாள். கோயில் படியில் வீரணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முத்து நின்றான். வீரணன் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் பேச்சி” என்றேன்.

அவள் என் கையை விட்டாள். அழவில்லை, திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போலீஸ் வேண்டாம், மருந்தை எல்லையில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்து, டிரைவரிடம் கிளம்பச் சொன்னேன். திருப்ப வேண்டிய வேலை இல்லை, ஏற்கெனவே ரோட்டைப் பார்த்துத்தானே நிற்கிறது. பொழுது சாய்கிற நேரத்தில் கார் காலியாகப் போனது. புழுதி அடங்குவதற்குள் வீரணன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நூலை எடுத்தார். முதலில் தன் கையில், அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் கையில், அப்புறம் என் கையில். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்கிறோமே என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

விடியும்போது ஒரு வண்டியும் நகரவில்லை. கழுவி, வர்ணம் பூசி, பூட்டாமல் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் அழுதன.

அந்த எட்டு நாளை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு காலையிலும் எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று தெருவில் நடந்து பார்ப்பேன். யாராவது செம்பை எடுத்துக்கொண்டு வேகமாகக் கொல்லைப்பக்கம் போனால் திரும்பி வரும் வரை வாசலிலேயே நிற்பேன். டாக்டர் வீடு வீடாகப் போய் ஊசி போட்டார், ஊசிக்குப் பயந்து பரணில் ஏறிக்கொண்ட ஆம்பிளைகளைப் பெண்கள் இழுத்துவந்து விட்டார்கள். பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சி நானே ஊற்றினேன். குட்டி மந்திரி தண்ணீர் ஊற்றுகிறான் என்று கிழவிகள் சிரித்தார்கள். அதுவரைக்கும் அந்த ஊரில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று வையுங்கள். புதிதாக ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். பலரும் எழுந்தார்கள். சிலர் எழவில்லை.

நடுவில் ஒரு நாள் மத்தியானம் பேச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. செல்லி படுத்துவிட்டது.

நான் ஓடினேன். அந்தப் பிள்ளையின் கன்னம் ஒரு பொழுதில் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், விரல் தண்ணீரில் ஊறினமாதிரிச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் உப்புத்தண்ணீர்ப் பாட்டிலை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, காலில் ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. அவர் நெற்றி வியர்வை பிள்ளையின் காலில் சொட்டியது. பேச்சி விளக்குமாடத்தில் சாய்ந்து நின்றாள். நான் உள்ளே வந்ததை அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்று இருந்தது. மாமா வாங்கிக் கொடுத்த செம்பு பிள்ளையின் தலைமாட்டில் இருந்தது. அம்மா தாயே என்று நான் வாய்விட்டுச் சொன்னேன், அரசியல்வாதி என்பதெல்லாம் மறந்துபோய்.

கடைசியில் ஊசி ஏறியது.

அதே சமயம் தெருவில் கூப்பிடும் சத்தம். வீரணன் வீட்டில் முத்து விழுந்துவிட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். “இவளை இப்ப விட முடியாது சார். இருந்த கடைசிப் பாட்டில் இதுதான். கம்பத்துலேருந்து அடுத்தது வரணும்” என்றார். எல்லையில் வந்து வைத்துவிட்டுப் போக ஆள் சொல்லியிருந்தோம். பாட்டில் வந்தது. வந்தபோது முத்து பேச்சற்றுக் கிடந்தான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

செல்லி பிழைத்தது.

எட்டாம் நாள் காப்பு அறுத்தார்கள். வழக்கமாக அந்த நூலை ஆற்றில் விடுவார்கள், இந்த முறை தீயில் போட்டார்கள். வீட்டில் சாவு விழுந்ததால் வீரணன் கோயிலுக்குள் வரவில்லை, அவர் தம்பிதான் எல்லார் காப்பையும் அறுத்தார். வீரணன் வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். நான் கையை மடக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

“எனக்குத் தீட்டுய்யா. தம்பிட்டப் போங்க.”

“கட்டுனது நீங்க” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். வியர்வையில் ஊறி இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. “நான் கேட்காமல் இருந்திருக்கலாம்” என்றேன்.

“நீங்க கேட்டதுக்காக நான் கட்டலைய்யா” என்றார். “ஒங்க தங்கச்சி ஒங்க கையைப் பிடிச்சதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பிள்ளைய ஏத்துனீகன்னா முத்துவையும் அதே கார்ல ஏத்திவிடணும்னு வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். கார் காலியாப் போச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கேக்க வாயில்ல.”

நூலைத் தீயில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். நான் சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவேன். சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

கீழே ஆற்றங்கரைத் திருவிழா நன்றாக நடந்து முடிந்திருந்தது. அங்கே வியாதி வரவில்லை. நாங்கள் இருந்ததால்தான் வரவில்லை என்று நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. வராத வியாதிக்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது? மதராஸில் என்னைக் கூப்பிட்டு, ஒரு மந்திரிசபையில் இருப்பவன் கிராமத்துக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். பதவியைப் பிடுங்கப் போவதாகவும் பேச்சு. அதற்குள் மந்திரிசபையே ராஜிநாமா செய்துவிட்டது, ஆகையால் பதவி போனதற்கு நான் தியாகி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக் கார் இல்லை. கம்பம் வரைக்கும் நடை. பேச்சி எல்லை வரை வந்தாள். இடுப்பில் செல்லி, எலும்பும் தோலுமாக, என்னைப் பார்த்துச் சிரித்தது. எட்டு நாளில் பேச்சி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இவ பொழச்சதுல ஒனக்குப் பங்கு இல்லண்ணே. அது டாக்டர் கையி, அம்மா புண்ணியம். போயிருந்தா மட்டுந்தான் ஒனக்குப் பங்கு.”

“தெரியும் ஆத்தா” என்றேன்.

“தெரிஞ்சாச் சரி” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து வழிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் அரசியலில் இருந்தேன், மறுபடியும் கார் வந்தது. என் டிரைவர்களுக்கெல்லாம் என்மேல் ஒரே கோபம். ஊருக்குள் நுழைந்ததும் வண்டியை அப்படியே ஊரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிடுவேன். சந்துக்குள் அதைத் திருப்பி எடுக்க நேரமாகும், மாடு குறுக்கே வரும், பிள்ளைகள் பம்பரைப் பிடித்துத் தொங்கும். அந்த நேரத்துக்குள் கூட்டத்தில் கேட்க வாய் வராதவர்கள் யாராவது ஒருத்தர் வந்து கதவைப் பிடித்துக் கேட்டுவிடுவார்கள்.